பொன்னூரில் பிறந்த சுவாலாமாலினி

சமண மந்திர நூல்களில் 'ஜ்வாலாமாலினி கல்பம்' தனி இடம் பெற்றது. இந்திரநந்தி என்னும் திகம்பர முனிவர் அதை கி.பி. 939இல், மூன்றாம் கிருஷ்ணன் ஆட்சியில், இராட்டிரகூடர் தலைநகரான மான்யகேடத்தில் வடமொழியில் எழுதி முடித்தார். கர்நாடகத்தின் இன்றைய மல்கேடுதான் அந்த ஊர். மந்திரவாதிக்கு வேண்டிய தகுதி, பிடித்திருக்கும் கிரகத்தை இனங்காணும் முறை, முத்திரை, மண்டலம், யந்திரம், நீராட்டு, நீராஞ்சனம் எனப் பத்து அதிகாரங்களில் விரியும் நூல். ஆனால் இந்த வித்தை பிறந்த இடமாக அது சொல்வது மான்யகேடத்தை அல்ல. தெற்கே உள்ள ஹேமகிராமத்தை.

ஹேமம் என்றால் பொன், கிராமம் என்றால் ஊர். வந்தவாசிக்கு அருகே, திருவண்ணாமலை மாவட்டத்தில், இன்றும் தமிழ்ச் சமணர் வாழும் பொன்னூர்தான் வடமொழியில் இப்படி உடை மாற்றி நிற்கிறது. கதையில் வரும் நீலகிரியும் உதகைப் பக்கத்து மலை அல்ல. பொன்னூரை ஒட்டிய குன்று.

அந்த ஊரில் ஹேலாசாரியர் என்ற முனிவர் இருந்தார். அவருடைய மாணவி கமலஸ்ரீயைப் பிரம்மராட்சசன் பிடித்துக்கொண்டான். அவளை விடுவிக்க வேண்டி முனிவர் நீலகிரிக் குன்றில் ஏறித் தீத்தெய்வத்தை நினைந்து தவமிருந்தார். ஏழாம் நாள் அத்தேவி தோன்றி என்ன வேண்டும் என்று கேட்டாள். தமக்கென ஒன்றும் வேண்டாம், இந்தப் பெண்ணின் பிடி நீங்கினால் போதும் என்றார் அவர். மந்திரம் பொறித்த இரும்புத் தகடு ஒன்று அவர் கைக்கு வந்தது. அந்த வித்தை ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு என்று இறங்கி இந்திரநந்தியை அடைந்தது. அந்த வரிசையில் க்ஷாந்திரசப்பை என்ற பெண் துறவியும் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நூல் இந்தத் தெய்வத்தை வஹ்நிதேவி என்றும் ஜ்வாலினி என்றும் அழைக்கிறது. வஹ்நி நெருப்பு, ஜ்வாலை, தமிழில் சுவாலை, அதன் கொழுந்து. மாலினி மாலை சூடியவள். ஆக, தீக்கொழுந்துகளையே மாலையாக அணிந்தவள் ஜ்வாலாமாலினி. சாக்தரின் ஸ்ரீவித்யையிலும் பதினான்காம் திதி நித்யைக்கு இதே பெயர் உண்டு. சமணர் அவளை எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபரின் யட்சியாக, எட்டுக் கைகளும் எருமை ஊர்தியும் உடையவளாக அமைத்தனர். நிலவொளி என்று பெயர் கொண்ட இறைவனுக்குக் காவல் தெய்வம் தீ!

சமணத் தாந்திரிகம் தனக்கு இட்டுக்கொண்ட எல்லையும் இங்கே தெரிகிறது. யட்சி பிணி தீர்ப்பாள், பிடி விலக்குவாள், வீடுபேறு தரமாட்டாள். வினையை எரிக்கும் தீ வேறு. சுபசந்திரரின் 'ஞானார்ணவ'மும் ஹேமசந்திரரின் 'யோகசாஸ்திர'மும் சொல்லும் ஆக்னேயீ தாரணையில், தியானிப்பவர் தம் உந்தியில் பதினாறு இதழ்த் தாமரையைக் காண்கிறார். அதன் நடுவில் உள்ள 'அர்ஹம்' என்ற மந்திரத்தின் ரகரத்திலிருந்து புகை எழுகிறது, பொறி எழுகிறது, கொழுந்து எழுகிறது. நெஞ்சில் கவிழ்ந்திருக்கும் எட்டிதழ்த் தாமரையை, அதாவது எண்வினையை, அது சுட்டுச் சாம்பலாக்குகிறது. இந்தத் தீக்குத் தெய்வப் பெயர் கிடையாது. அதை மூட்டுகிறவர் தியானிப்பவரே.

ஹேலாசாரியரின் பெயரைத் தமிழ்நாட்டில் ஏலாசாரியர் என்கிறோம். சமண ஆசாரியர் குந்தகுந்தருக்கும் அப்பெயர் உண்டு. பொன்னூர்க் குன்றில் வணங்கப்படும் பாதச்சுவடு குந்தகுந்தருடையது என்பது மரபு. அதனால் இருவரையும் ஒருவராக்கிவிடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. ஏலாசாரியர் என்பது சமணத் துறவியர் ஏற்கும் பட்டமும்கூட என்பதால், பெயரை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வருவதை நான் ஏற்கவில்லை.

ஊரைப் பற்றி அப்படி ஓர் ஐயம் எனக்கு இல்லை. பொன்னூர் ஆதிநாதர் கோயிலில் 1733ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏலாசாரியர் வழிபாட்டுக்காகப் பார்சுவநாதர், ஜ்வாலாமாலினி திருமேனிகளை நீலகிரிக் குன்றுக்கு எழுந்தருளச் செய்ய வேண்டும் என்று ஊர்ச் சமணர் செய்துகொண்ட ஏற்பாட்டை அது பதிவு செய்கிறது. அங்கே ஊரின் பெயர் ஸ்வர்ணபுரம் கனககிரி. மறுபடியும் பொன்தான். மான்யகேடத்தில் நூல் எழுதப்பட்டு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அதே முனிவரும் அதே தேவியும் அதே குன்றும் ஒரே கல்லில் சேர்ந்து நிற்கின்றன. ஹேமகிராமம் இதுதான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தேவையில்லை.