தாயமும் பரமபதமும் சேர்ந்த இடம்

சுருவில், நாரந்தனை, கரம்பொன் என்று யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் எந்த ஊரானாலும் தாயம் ஆடப் பெரிய ஆயத்தம் வேண்டியதில்லை. தரையில் கட்டம் கீறக் கரித்துண்டு ஒன்று, எறியச் சில சோகிகள். விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது ஆடுபவரின் முடிவு. எதிராளியின் காயை வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். ஒரு காயையேனும் வெட்டாதவர் உள்ளே போக முடியாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. வெட்டியதற்காக எந்தப் பாவமும் கணக்கில் ஏறாது.

பரமபதம் இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடும் அந்தப் படத்தில் பாம்புகளுக்கு அசுரர்களின் பெயரும் தீய குணங்களின் பெயரும், ஏணிகளுக்கு நற்குணங்களின் பெயரும் இருக்கும். உச்சியில் தெய்வங்களின் உலகம். வட இந்தியாவில் ‘ஞான சௌபர்’ என்ற பெயரில் சமணர், வைணவர், சூபிகள் ஆளுக்கொரு வடிவம் வைத்திருந்தார்கள். கைக்குக் கிடைத்துள்ள பழைய படங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1890களில் இங்கிலாந்தில் அச்சானபோது பாம்பும் ஏணியும் சம எண்ணிக்கைக்கு வந்தன. காலப்போக்கில் குணங்களின் பெயர்களும் உதிர்ந்து, வெறும் சிறுவர் விளையாட்டாயிற்று. அது பெரிய இழப்புத்தான். ஆனால் மூலப் படத்திலும் ஒரு குறை இருந்தது. கோபத்தின் பாம்பிடம் கடிபட்டவர் யார் மீதும் கோபப்பட்டிருக்கமாட்டார். தாயக்கட்டை அங்கே கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான்.

ஆக, தாயத்தில் தேர்வு இருந்தது, அறம் இல்லை. பரமபதத்தில் அறம் இருந்தது, தேர்வு இல்லை.

இரண்டையும் இணைத்த பெருமை பெரும்பாலும் அமெரிக்காவின் டெக்சாஸில் வளர்ந்த ரிச்சர்ட் கேரியட்டைச் சேரும். 1981இல் தொடங்கிய அவருடைய ‘அல்டிமா’ கணினி விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு வீரனின் வேடம் ஏற்று உலகைச் சுற்றுவார். கடையில் திருடலாம், ஊராரைக் கொல்லலாம். கெட்டிக்காரத்தனமாக ஆடியவர்கள் அதைத்தான் செய்தார்கள். வந்த கடிதங்களைப் படித்த கேரியட் கலங்கினார். 1985இல் வெளியான நான்காம் பாகத்தில் அழிப்பதற்கு இறுதி எதிரி என்று ஒருவனும் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என எட்டு நற்குணங்களில் தேறி ‘அவதார்’ ஆவதே இலக்கு. அந்தச் சொல் நம் பக்கத்து மரபிலிருந்து போனது.

அந்த நான்காம் பாகத்தில் மூலிகை விற்கும் பெண்ணுக்குப் பார்வை இல்லை. எவ்வளவு காசு கொடுப்பது என்பதை ஆடுபவரே தட்டச்சு செய்வார். குறைத்துக் கொடுத்தால் அவள் தடுக்கமாட்டாள், எச்சரிக்கையும் வராது. ஆனால் கணினி உள்ளே எழுதிவைத்துக்கொள்ளும். நெடுந்தூரம் போனபின், அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் தன் நிலையைக் கேட்கும்போதுதான் கணக்கு வெளிப்படும். ஒரு குணத்தில் தேறிய பிறகும் தவறினால் அந்தத் தேர்ச்சி பறிபோகும். செய்த வினை காத்திருந்து பலன் தரும் என்பதை எந்த ஏணியும் பாம்பும் இவ்வளவு நெருக்கமாக உணர்த்தியதில்லை.

1988இன் ஐந்தாம் பாகம் இன்னும் துணிச்சலானது. அங்கே பிளாக்தார்ன் என்ற ஆட்சியாளன் அதே நற்குணங்களைச் சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்குப் போகும். வருமானத்தில் பாதியைத் தானம் செய்யாதவனுக்கு வருமானமே கிடையாது. முந்திய ஆட்டத்தில் ஆடுபவர் பாடுபட்டு நிலைநாட்டிய அறமே இங்கே மக்களை வதைக்கிறது. சட்டத்தின் பெயரால் ஊர் நடுங்கிய காலங்களைப் பார்த்த எவருக்கும் இது வெறும் கற்பனையாகப் படாது.

போரால் இடம்பெயர்ந்து பாரிஸிலும் டொரன்டோவிலும் வளர்ந்த தீவகத்துப் பிள்ளைகளின் காலத்துக்குள் இந்த வகைக் கணினி விளையாட்டு வெகுதூரம் வந்துவிட்டது. போலந்தில் உருவாகி 2007இல் வெளியான ‘தி விட்சர்’ அதில் முக்கியமானது. தொடக்கத்தில் போராளிக் குழு ஒன்று வந்து சரக்குப் பெட்டிகளைக் கேட்கும். கொடுப்பதும் மறுப்பதும் ஆடுபவர் கையில். கொடுத்தால், அடுத்த கட்டத்தில் விசாரணைக்குத் தேவையான ஒருவன் அந்தக் குழுவாலேயே கொல்லப்பட்டுக் கிடப்பான். பெட்டிகளில் இருந்தவை ஆயுதங்கள். சேமித்துவைத்த பழைய இடத்துக்குத் திரும்பி முடிவை மாற்றிக்கொள்வது கணினி ஆட்டக்காரர்களின் வழக்கம். மணிக்கணக்கில் ஆடியதை இழக்க யாருக்கும் மனம் வராது என்பதை அறிந்தே, அதை உருவாக்கியவர்கள் செயலுக்கும் விளைவுக்கும் இடையில் அந்த நீண்ட இடைவெளியை வைத்தார்கள்.