நரம்பு என்னும் சொல்

எங்கள் திரிங்காப் தோட்டத்துப் பிள்ளைகளிடம் நரம்பைக் காட்டச் சொன்னால், புறங்கையில் பச்சையாய்ப் புடைத்திருக்கும் இரத்தக் குழாயையே காட்டுவர். பிழை அவர்களுடையதன்று. யாழின் தந்தியும், இலையின் கோடும், இரத்தக் குழாயும் தமிழ் வழக்கில் நரம்பே.

இதனால் அறிவியலுக்குத் தமிழ் ஆகாதென்று முடிவு கட்டலாமா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் அவ்வாறு எண்ணவில்லை. கல்வின் கட்டரின் உடற்கூற்று நூலை 1852இல் தமிழாக்கி வெளியிட்டார். 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

அந்நூல் வெளிவந்தபோது நரம்பணுவின் முழு உருவத்தை மேனாட்டாரும் தெளிவுறக் கண்டதில்லை. 1873இல் இத்தாலியரான கொல்கி, வெள்ளி உப்பினால் அதனைக் கருமையாக்கிக் காட்டினார். ஆயினும் நரம்பெல்லாம் ஒரே பின்னல் என்றார். அதே முறையைக் கையாண்டு, ஒவ்வோர் அணுவும் தனித்தது என்று 1888 முதல் நிறுவியவர் ஸ்பானியரான கஹால். 1906இல் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர்; நிலைத்தது கஹால் கொள்கையே.

நரம்பணுவின் கிளைகள் செய்தியை ஏற்கின்றன. நெடிய இழை அதனைக் கடத்துகிறது. அடுத்த அணுவிற்கு முன்னுள்ள நுண்ணிய இடைவெளியைப் பெரும்பாலும் இரசாயனப் பொருளே கடக்கிறது.

நம் நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளிலும் 2003இல் அறிவியல் பாடத்தில் ஆங்கிலம் புகுந்தது; பின்னர்த் தமிழ் மீண்டது. மீண்டதைக் காப்பது ஆசிரியர் கடன். இரத்தம் ஓடுவது குழாய். செய்தி ஓடுவது நரம்பு. இவ்வளவு தெளிவாகச் சொன்னால் பிள்ளைகள் புறங்கையைக் காட்டமாட்டார்கள்.