ஆயில் எஞ்சினும் கம்ப்யூட்டர் டிராக்டரும்



சாகுபுரம், ஆறுமுகநேரி வட்டாரத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: "அந்தக் காலத்து எஞ்சின் முப்பது வருஷம் உழைச்சுது. புது டிராக்டர்ல கம்ப்யூட்டர் பெட்டி வச்சிருக்கானே, தாங்குமா சார்?"

இதற்குப் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் தம் எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டினார். 1930 வாக்கில் இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி ஒரு எஞ்சின் கொண்டுவந்தது. 5 குதிரைச் சக்தி. நிமிடத்துக்கு 600 சுற்றுதான். அதே மாதிரியைப் பிற்பாடு குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் செய்து குவித்தன. நம் பக்கம் கமலை மாட்டுக்கு ஓய்வு கொடுத்தது இந்த மாதிரி ஆயில் எஞ்சின்கள்தாம். கனத்த வார்ப்பிரும்பு, பெரிய சக்கரம், நிதானமான ஓட்டம். அதனால் தேய்மானம் குறைவு. நாசில் அடைத்தால் உள்ளூர் மெக்கானிக்கே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடுவார்.

ஆனால் ஒன்று. "தாத்தா வாங்கிய எஞ்சின்" என்கிறோமே, அதில் பிஸ்டன், லைனர், ரிங் எத்தனை தடவை மாறியிருக்கும்? சீக்கிரம் கெட்டவை எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நம் கண்ணில் படுவது மிஞ்சியவை மட்டுமே!

50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 1.1.2023 முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்காகத்தான் எலக்ட்ரானிக் முறையில் டீசல் தெளிக்கும் ஏற்பாடு. பழைய நாசில் 200 மடங்கு காற்றழுத்தம் அளவில் திறக்கும். இதிலோ அழுத்தம் ஆயிரத்தைத் தாண்டும். டீசலும் மிச்சமாகும், புகையும் குறையும். ஆனால் டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் பொறுக்காது. கேனில் வாங்கி வைத்து ஊற்றுகிற பழக்கம் இதற்கு ஆகாது.

நம் கடற்கரைக்கு இன்னொரு சங்கடம் உப்புக்காற்று. எஞ்சின் இரும்பு நன்றாகவே இருக்கும். ஒயர் சேரும் பின்னில் பச்சைக் களிம்பு ஏறி, வண்டி நடுவயலில் நின்றுவிடும். அப்போது ஸ்பேனர் போதாது, சோதனைக் கருவியோடு ஆள் வரவேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்து ரிப்பேர் செய்வதும் உள்ளூரில் லேசில்லை. ஆகவே வாங்குமுன் விலையை மட்டும் பேசாதீர்கள். சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், அந்தப் பெட்டி என்ன விலை, அதற்கு வாரண்டி எத்தனை வருஷம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வண்டி கழுவும்போது ஒயர் இணைப்புகளில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கலப்பைக்கு வெல்டிங் வைப்பதானால் வண்டியிலிருந்து கழற்றிவிட்டு வையுங்கள். வண்டியிலேயே வைக்க நேர்ந்தால் பேட்டரியின் இரண்டு ஒயரையும், கம்ப்யூட்டர் பெட்டி இணைப்பையும் முதலில் கழற்றிவிடுங்கள்.