கிள்ளான் ஆறு சுமந்த மண்

கோலாலம்பூர் எனும் மலாய்ப் பெயருக்குச் சேறுபட்ட கூடல் என்பது பொருள் என்பர். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கூடுமிடத்தில், 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசலருகே நின்று நோக்குவோர் இன்றும் கலங்கல் நீரையே பெரும்பாலும் காண்பர். பெயரிலேயே சேறு இருத்தலின், அஃது இயற்கை என்று நம்மவர் வாளாவிருக்கின்றனர். ஒரு பங்கு இயற்கையே. மற்றப் பங்கு மனிதர் கையால் வந்தது. அக்கைகளுள் நம் பாட்டன் பாட்டியர் கைகளும் உண்டு.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. மலைக்காட்டில் அம்மழை இலையில் விழுந்து, சருகில் சொட்டி, வேர் துளைத்த மண்ணுள் இறங்கி, பையவே ஓடையைச் சேரும். மண்ணைத் திறந்து வைப்பின், துளி அதனை நேரே அடித்துப் பொடியாக்கும். பொடி துளைகளை அடைக்கும். இறங்க வழியற்ற நீர் மேலோடி மண்ணை அள்ளிச் செல்லும். காட்டை வெட்டினால் ஓடை வற்றும் என்பது பலர் கருத்து. அது முற்றும் சரியன்று. மரமும் நீர் பருகுவதாதலின், வெட்டியபின் ஓடைநீர் மிகுவதே பெரும்பான்மை. நெகிரி செம்பிலானில் பெரெம்புன் காட்டில் நடந்த ஆய்வும் அதனையே காட்டிற்று. கேடெல்லாம் நீர் வரும் விரைவிலும், அது சுமந்து வரும் மண்ணிலுமே உள்ளது.

முதற்பழி ஈய லம்பங்களுக்கு உரியது. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய சீனத் தொழிலாளர் 87 பேர் அம்பாங் சென்றது முதல், ஆறு லம்பக் கழிவைச் சுமந்தது. அண்டையிலுள்ள சிலாங்கூர் ஆற்றங்கரையில் கோலக்குபு என்னும் ஊரே மண்மூடிப் போக, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிய ஊர் அமைக்க நேர்ந்தது.

ஆனால் லம்பத்தைப் பழித்துவிட்டுத் தோட்டம் தப்ப இயலாது. 1910ஐ ஒட்டிய ரப்பர் விலையேற்றத்தில் குன்றுகள் வெட்டி எரிக்கப்பட்டன. பால்மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது என்பது துரைமார் சட்டம். நம் பெண்டிர் மண்வெட்டியோடு நிரை நிரையாக நின்று, மலைச்சரிவை வாசல்போல் துடைத்தனர். கிராணி பேர் போட்டான், கூலி கணக்காயிற்று. மறுமழையில் ஓடிய மண்ணுக்குச் செக்ரோலில் பத்தி இல்லை. மலாய்ச் சிறுதோட்டக்காரர் மரத்தடியில் புதரை விட்டுவைத்தனர். அதனை அழுக்கு என்று துரைமார் இகழ்ந்தனர். அவ்வழுக்கே மண்ணைக் காத்தது!

1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. மூடுகொடி வளர்த்தல், சரிவுக்குக் குறுக்கே படி வெட்டுதல், மண்தேக்கும் குழி தோண்டுதல் ஆகியன மெல்லப் பரவின. 1930களின் விலைவீழ்ச்சியில் களையெடுக்கப் பணமின்றிப் புல்லை விட்ட தோட்டங்களும் உண்டு. அறிவு செய்யாததை வறுமை செய்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் மேல்மண் கடலடைந்துவிட்டது.

அறியாமையால் நேர்ந்தது என்று சொல்லி விடவும் மனம் ஒப்பவில்லை. அம்பாங் மலைக்காட்டை நகரின் குடிநீருக்காகக் காத்தவரும் அவ்வரசினரே. 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தபோதும், அதன் மேற்காடு நீருக்காகவே பேணப்பட்டது. குடிநீர் வரும் மலைக்குக் காடு வேண்டும். கூலிகள் குடியிருக்கும் மலைக்கு வேண்டாவோ?

1926 டிசம்பரில் கோலாலம்பூர் நீரில் மூழ்கியது. பின்னர் நகருக்குள் ஆற்றை நேராக்கினர். 1971 ஜனவரியிலும் வெள்ளம் வந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் நின்றனர். அத்தகைய பெருமழையைக் காடு மட்டும் தடுத்திராது; ஆயினும் மண்ணேறி மேடான ஆற்றுக்குக் கொள்ளிடம் குறைவு என்பதை யார் மறுப்பர்?

நாமும் ஒரு தோட்டத்துக் கிராணியே. சென்ற மறுநடவில் எண்ணெய்ப்பனைக்காகச் சரிவைத் திறந்தனர். மூடுகொடி பற்றுமுன் மழை வந்தது. ஒரே இரவில் மதகு செம்மண்ணால் அடைபட்டது. ‘இயற்கைச் சேதம்’ என்று பதியுமாறு பணிக்கப்பட்டோம். அவ்வாறே எழுதினோம்.