குறை சொல்ல முடியாத காரும் குறையோட ஜெயிச்ச காரும்: ஹோண்டா என்எஸ்எக்ஸ், ஃபெராரி 348

இன்னைக்கு ரெண்டு கார்களோட கதை. ரெண்டுலயும் இன்ஜின் நடுவுல, டிரைவரோட முதுகுக்குப் பின்னாடி. ரெண்டும் ரெண்டு பேர் மட்டும் உட்கார்ற வண்டி. ரெண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்துல, 1989-90ல வெளிவந்தது. ஒண்ணு இத்தாலியில ஃபெராரி செஞ்ச 348. இன்னொண்ணு ஜப்பான்ல ஹோண்டா செஞ்ச என்எஸ்எக்ஸ். வாங்கி, வச்சு, ஓட்ட எது நல்ல கார்னு கேட்டா பதில் சொல்றது சுலபம். ஆனா ஜெயிச்சது அந்தக் கார் இல்ல. ஏன் அப்படி ஆச்சுன்னுதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் இந்த ரெண்டையும் ஓட்டினதில்லை. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒரு பொருளைச் செய்யறப்போ எதை விட்டுக்கொடுத்தாங்க, அதுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னு தோண்டிப் பார்க்கறதுல எனக்கு ஒரு கிறுக்கு. அந்தக் கிறுக்குக்கு இந்தக் கதை நல்ல தீனி.

கதையை ரேஸ் டிராக்ல ஆரம்பிக்கலாம். 1988 ஃபார்முலா ஒன் சீசன்ல மொத்தம் 16 ரேஸ். மெக்லாரன் காரும் ஹோண்டா இன்ஜினும் சேர்ந்து அதுல 15ஐ ஜெயிச்சாங்க. தவறவிட்ட அந்த ஒரே ஒரு ரேஸ் எது தெரியுமா? இத்தாலியில, மோன்ஸாவில நடந்தது. ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி ஆகஸ்ட் 14 அன்னைக்கு இறந்து போயிருந்தார். நாலு வாரம் கழிச்சு நடந்த அந்த ரேஸ்ல, ரெண்டு லாப் மிச்சமிருக்கும்போது முன்னணியில இருந்த அயர்ட்டன் சென்னா இன்னொரு கார்மேல உரசி வெளியே போயிட்டார். ஃபெராரி முதலிடம், ரெண்டாமிடம் ரெண்டையும் எடுத்தது. சினிமாவுல வந்தா நம்ப மாட்டோம்.

ஆனா அந்த ஒரு நாளை ஒதுக்கி வச்சுப் பாருங்க. ரேஸ்ல ஹோண்டா ஃபெராரியைத் துவைச்சு எடுத்துக்கிட்டு இருந்த காலம் அது. அதே ஹோண்டா சாலையிலயும் ஃபெராரிக்குச் சவால் விடற ஒரு காரை ஏற்கெனவே உள்ளுக்குள்ள செஞ்சுக்கிட்டு இருந்தது.

அந்தக் காலத்து ஃபெராரி வாங்கறவங்க நிலைமையையும் சொல்லணும். என்ஸோவுக்கு ரேஸ்தான் உயிர். சாலைக் கார் விக்கறதே ரேஸுக்குக் காசு சேர்க்கத்தான்னு அவரைப் பத்தி எல்லாரும் சொல்வாங்க. அதனால காரை வாங்கறவர் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் ஆகணும்ங்கறது எழுதப்படாத சட்டம். அழகான கார், அற்புதமான சத்தம், அடிக்கடி மெக்கானிக் வீடு.

348க்கு முன்னாடி இருந்தது 328. அதுல வி8 இன்ஜின் குறுக்கு வாட்டத்துல உட்கார்ந்திருக்கும். 348ல அதை நீளவாட்டமாத் திருப்பினாங்க, கியர்பாக்ஸைக் குறுக்கா வச்சாங்க. காரணம் நல்ல காரணம்தான். இன்ஜினை இன்னும் கீழே இறக்கலாம், எடை தரைக்குப் பக்கத்துல வரும், வளைவுல கார் நல்லா நிக்கும். 3.4 லிட்டர், சுமார் 300 குதிரைத்திறன்.

ஆனா அந்த முடிவுக்கு ஒரு பக்க விளைவு. இன்ஜினோட முன்பக்கத்துல டைமிங் பெல்ட் இருக்கு. வால்வுகளும் பிஸ்டனும் தாளம் தப்பாம ஓட வைக்கற ரப்பர் பெல்ட். அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு மோதி இன்ஜின் காலி. அதனால வண்டி ஓடினாலும் சரி, ஷெட்ல சும்மா நின்னாலும் சரி, சில வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாத்தியே ஆகணும். 348ல இன்ஜினை நீளவாட்டமாத் திருப்பினதால அந்த பெல்ட் கேபினுக்குப் பின்னாடி இருக்கற சுவரை ஒட்டிப் போயிடுச்சு. கை விட இடமில்லை. என்ன பண்றது? பின்பக்கச் சட்டத்தோட மொத்த இன்ஜினையும் கீழே இறக்கணும். ஒரு ரப்பர் பெல்ட் மாத்த! லாக் ஃபைல் பார்க்கணும்னா சர்வரையே கழட்டிக் கீழே வைங்கன்னு சொல்ற மாதிரி. இதுல வேடிக்கை என்னன்னா, பழைய 328ல இன்ஜினை இறக்காமலே பெல்ட் மாத்திடலாம். ஓட்டுற சுகத்துக்காக எடுத்த முடிவு, அந்தக் காரை வச்சிருக்கறவர் பையில ஓட்டை போட்டது.

இப்ப ஜப்பானுக்குப் போவோம். 1984ல ஹோண்டா ஒரு கான்செப்ட் கார் காட்டினாங்க, பேர் எச்பி-எக்ஸ். வடிவமைச்சது யாருன்னா, ஃபெராரி கார்களுக்கு உருவம் கொடுத்த அதே பினின்ஃபரீனா. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் என்எஸ்எக்ஸ். தலைமைப் பொறியாளர் ஷிகெரு உயெஹாரா. அவங்க முன்னாடி வச்சுக்கிட்ட அளவுகோல் ஃபெராரி 328. அந்த அளவுக்கு ஓட்டுற சுகம் வேணும், ஆனா தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போற மாதிரியும் இருக்கணும்.

இந்த ரெண்டாவது பாதிதான் புரட்சி. ஏன்னா அதுவரை ஸ்போர்ட்ஸ் கார்னா ஒண்ணுமே தெரியாத பின் கண்ணாடி, கால் வலிக்கற கிளட்ச், சூட்டுல வேகற கேபின். இதெல்லாம் விதின்னு ஏத்துக்கிட்டிருந்தாங்க. ஹோண்டா ஆளுங்க எஃப்-16 போர் விமானத்தோட விமானி இருக்கையைப் பார்த்துக் கேபினை முன்னாடி தள்ளி, சுத்திலும் கண்ணாடி வச்சாங்க. உடம்பு முழுக்க அலுமினியம். அப்படி முழு அலுமினியம் மோனோகாக்கோட தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார் அது. இரும்புல செஞ்சிருந்தா இருந்திருக்கற எடையில சுமார் 200 கிலோ மிச்சம். இன்ஜின் 3 லிட்டர் வி6, விடெக் தொழில்நுட்பம், உள்ளே டைட்டானியம் கனெக்டிங் ராட், நிமிஷத்துக்கு 8,000 சுத்து வரைக்கும் போகும். குதிரைத்திறன் ஃபெராரியைவிடக் கொஞ்சம் கம்மிதான், அமெரிக்க மாடல்ல 270.

சென்னா கதை இல்லாம இதை முடிக்க முடியாது, ஆனா அதைக் கொஞ்சம் அளவாச் சொல்லணும். யூடியூப்ல பார்த்தா சென்னாவே உட்கார்ந்து காரை டிசைன் பண்ணின மாதிரி சொல்லுவாங்க. அப்படியெல்லாம் இல்ல. 1989 பிப்ரவரியில மெக்லாரன் டெஸ்டுக்காக அவர் சுசூக்கா வந்திருந்தார். அப்போ ஒரு முன்மாதிரி காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னாங்க. ஓட்டிட்டு, கார் கொஞ்சம் தளர்வா இருக்கற மாதிரி இருக்குன்னு சொன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் விஷயமே. உயெஹாரா குழு ஜெர்மனியில நூர்பர்க்ரிங் டிராக் பக்கம் முகாம் போட்டு, ஓட்டறது, எங்க முறுக்குதுன்னு பார்க்கறது, அந்த இடத்தை உறுதியாக்கறதுன்னு வேலை செஞ்சாங்க. முடிவுல காரோட விறைப்பு சுமார் 50 சதவீதம் கூடிச்சுன்னு ஹோண்டா சொல்லுது. புகழ் சென்னாவுக்குப் போச்சு. டெஸ்டிங் டீம்ல வேலை பார்த்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

1990ல விற்பனைக்கு வந்ததும் கார் பத்திரிகைகள் ஒப்பிட ஆரம்பிச்சாங்க. 348ல கியர் லிவர் ஒரு திறந்த உலோகச் சட்டத்துக்குள்ள 'க்ளிக் க்ளிக்'னு போகும். பார்க்கவே அழகு. ஆனா காலையில ஆயில் சூடாகற வரைக்கும் ரெண்டாவது கியர் விழாது. முதல்லேர்ந்து நேரா மூணாவதுக்குப் போகணும். ஓரளவுக்கு மேல வளைவுல அழுத்தினா பின்பக்கம் சட்டுனு வெட்டும்னு ஆரம்பகாலக் கார்களுக்குக் கெட்ட பேரும் இருந்தது. என்எஸ்எக்ஸ்ல சாவியைத் திருப்பு, கிளம்பு. நம்ம ஊர்ல ஆக்டிவாவை யாரும் 'இன்னைக்கு ஸ்டார்ட் ஆகுமா'ன்னு கவலையோட பார்க்கறதில்லையே, அதே கம்பெனிதானே இது. பின்னாடி கோல்ஃப் பை வைக்கற அளவுக்கு டிக்கி வேற. என்எஸ்எக்ஸ்லயும் டைமிங் பெல்ட்தான். ஆனா இன்ஜின் குறுக்குவாட்டம், அதனால கீழே இறக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில விலை 60,000 டாலர் சுமார். ஃபெராரி 90,000த்துக்கும் மேல.

அப்போ என்எஸ்எக்ஸ் குறையே இல்லாததா? இல்லை, அதையும் சொல்லிடணும். ஆரம்ப வருஷக் கார்கள் சிலதுல கியர்பாக்ஸுக்குள்ள ஒரு சின்ன வளையம் உடைஞ்சு பெரிய செலவு வைக்கும். பின் சக்கரங்களை உள்ளே பார்க்க வச்ச கோணத்தால டயர் சீக்கிரமே தேஞ்சு போகும், அதுக்காக வாடிக்கையாளர்கள் கோர்ட் வரைக்கும் போனாங்க. அலுமினிய உடம்பு நசுங்கினா தெருமுனை டிங்கரிங் கடையில தட்ட முடியாது. தலைப்புல 'குறை சொல்ல முடியாத'ன்னு போட்டது கொஞ்சம் அதிகம்தான், விடுங்க.

இந்தக் காரைப் பத்தி எனக்குப் பிடிச்ச சாட்சி கார்டன் மர்ரே. அந்தக் காலத்துல உலகத்தோட அதிவேகக் காரா இருந்த மெக்லாரன் எஃப்1ஐ வடிவமைச்சவர். அதுக்கு அளவுகோல் தேடி ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினின்னு ஓட்டிப் பார்த்துக்கிட்டிருந்தார். ஜப்பான்ல ஹோண்டாவோட ஆராய்ச்சி மையத்துல என்எஸ்எக்ஸை ஓட்டின அந்த நிமிஷமே மத்த அளவுகோல் எல்லாம் மனசை விட்டுப் போயிடுச்சுன்னு எழுதியிருக்கார். எஃப்1க்கு இன்ஜின் செஞ்சு தரச் சொல்லி ஹோண்டாகிட்ட கேட்டார், அவங்க மறுத்துட்டாங்க. கடைசியில பிஎம்டபிள்யூ செஞ்சு கொடுத்தது. மர்ரே சொந்தமா ஒரு என்எஸ்எக்ஸ் வாங்கிப் பல வருஷம் வச்சிருந்தார். அதிவேகக் கார் செய்யறவர் தன் காசுல வாங்கி வச்சிருந்தார்ங்கறது நூறு விமர்சனத்துக்குச் சமம்.

இன்னொரு சாட்சி எதிர்த் தரப்பிலேருந்தே வந்தது. 1991 கடைசியில லூகா டி மோன்டெஸெமோலோ ஃபெராரி தலைவரானார். அவர் தனக்குன்னு ஒரு 348 வாங்கியிருந்தார். அழகைத் தவிர எல்லாமே ஏமாற்றம்னு பின்னாடி வெளிப்படையாவே சொன்னார். சொந்த கம்பெனியோட பொருளைப் பத்தி ஒரு தலைவர் இப்படிப் பேசறது எவ்வளவு அபூர்வம்னு ஆபீஸ்ல வேலை பார்க்கற எல்லாருக்கும் தெரியும்.

1994ல வந்த எஃப்355 பழைய உடம்பு மேலதான் கட்டப்பட்டது. ஆனா ஓட்டினா வேற கார். சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, 3.5 லிட்டர், 375க்கு மேல குதிரைத்திறன், பவர் ஸ்டீயரிங், அடிப்பக்கம் காத்து சீராப் போற மாதிரி தட்டையான தளம். என்எஸ்எக்ஸ் வராம இருந்திருந்தா ஃபெராரி இவ்வளவு சீக்கிரம் திருந்தியிருக்குமான்னு எனக்குச் சந்தேகம். ஆனா பாருங்க, பெல்ட் மாத்த இன்னும் இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்! வால்வு கைடு சீக்கிரம் தேயும், சைலன்ஸர் பைப் சேர்ற இடத்துல விரிசல் விடும். இத்தனை வம்போட எஃப்355 சுமார் 11,000 கார் வித்தது, அஞ்சு வருஷத்துல. என்எஸ்எக்ஸ் 15 வருஷத்துல 18,000 சொச்சம்தான்.

இதுக்குப் பல பேர் சொல்ற காரணம், 'என்எஸ்எக்ஸ்ல ஆன்மா இல்லை'ங்கறது. எனக்கு அந்த வார்த்தை மேல கோபமே வரும். காலையில ரெண்டாவது கியர் விழாததுக்குப் பேர் ஆன்மாவா? 8,000 சுத்துல அந்த வி6 போடற சத்தத்தைக் கேட்டுட்டு யாரும் இதைச் சொல்ல முடியாது. நிஜக் காரணங்கள் இன்னும் சாதாரணமானவை. கார் வெளிவந்த கையோட ஜப்பான்ல சொத்து விலைக் குமிழி உடைஞ்சுது. யென் மதிப்பு ஏறினதால அமெரிக்காவில கார் விலை 80,000 டாலரைத் தாண்டிடுச்சு. அந்தக் காசுக்கு ஷோரூம்ல பக்கத்துல நிக்கறது குடும்பத்தோட போற சாதாரணக் கார்.

எல்லாத்தையும்விட எனக்குப் பெருசாப் படறது இன்னொண்ணு. ஹோண்டா முதல் நாளே கிட்டத்தட்ட சரியா செஞ்சுட்டாங்க, அதோட கைவிட்டுட்டாங்க. 1992ல எடை குறைச்ச டைப்-ஆர் ஜப்பானுக்கு மட்டும் வந்தது. 1997ல 3.2 லிட்டர் இன்ஜின், ஆறு கியர். 2002ல ஹெட்லைட் மாத்தினாங்க. அவ்வளவுதான், அடிப்படையில அதே கார். ஃபெராரி ஓட்டையும் ஒடசலுமா வெளியிட்டது, ஆனா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா வெளியிட்டது. 1999ல வந்த 360 மோடெனாவுல உடம்பு அலுமினியம், பெல்ட் மாத்த சீட்டுக்குப் பின்னாடி ஒரு மூடியைத் திறந்தாப் போதும். அஞ்சு வருஷம் கழிச்சு எஃப்430ல பெல்ட்டையே தூக்கிட்டு செயின் போட்டாங்க. வெளியே எடுக்கற வேலையே இல்லை. தினமும் ஓட்டலாம்னு ஃபெராரி விளம்பரம் பண்ணக்கூடிய நிலைமைக்கு வந்தது 2004ல.

ஹோண்டா 1990லயே சொன்ன விஷயம். 2005ல ஹோண்டா என்எஸ்எக்ஸ் உற்பத்தியை நிறுத்தினாங்க.

மெக்லாரன் எஃப்1க்கு ஹோண்டா ஏன் இன்ஜின் தரலை, பிஎம்டபிள்யூ எப்படி உள்ளே வந்ததுங்கறது தனிக் கதை, அதை அடுத்த எபிசோடுல பார்க்கலாம். 348 வச்சிருக்கற யாராவது இதைக் கேட்டுட்டுத் திட்டணும்னா தாராளமா எழுதுங்க, படிக்கறேன்.