ஹீலியம் கொடுத்த நடுக்கம்

போன எபிசோடுல, ஆழத்தில் நைட்ரஜன் எப்படிப் போதையாகுதுன்னு பேசினோம். தீர்வு சிம்பிள்: நைட்ரஜனை எடுத்துட்டு ஹீலியம் போடு. போதை போச்சு, பிரச்சினையும் போச்சுன்னு நினைச்சாங்க.

போகல. 1965-ல் பிரிட்டிஷ் கடற்படை ஆய்வகத்தில் பீட்டர் பென்னட், ஹீலியம் கலவையைச் சுவாசித்தவர்களை 180, 240 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார். கடலில் இல்லை, இரும்பு அறைக்குள். அவர்களுக்குக் கை நடுங்கியது, தலை சுற்றியது, குமட்டியது. ஹீலியம்தான் வில்லன்னு நினைச்சு ‘ஹீலியம் நடுக்கம்’னு பேரு வெச்சாங்க.

1968-ல் மார்செய் நகரில், ரால்ஃப் பிராயர் என்ற விஞ்ஞானி தானே அறைக்குள் போய் உட்கார்ந்தார். கூட இன்னொருத்தர். (அடுத்தவன் உடம்புல டெஸ்ட் பண்ணாம தானே போனாரே, அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) 350 மீட்டரைத் தாண்டியதும் மூளை அலைகள் மாறின. இருவருக்கும் கண் சொருகியது. சில நிமிஷத்தில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். மனுஷனோட எல்லை இதுதான்னு பலர் முடிவே பண்ணிட்டாங்க.

உண்மையான வில்லன் ஹீலியம் இல்லை, அழுத்தம். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடும். அது நரம்புகளை அளவுக்கு மீறித் தூண்டிவிடுது. க்ளூ 1950-லேயே இருந்தது: ஆல்கஹாலில் மயங்கிக் கிடந்த தலைப்பிரட்டைகளை அழுத்தத்தில் வைத்தபோது, அவை மறுபடி நீந்தின! அழுத்தம் மயக்கத்தைத் தெளியவைக்கும்னா, கொஞ்சம் மயக்கம் அழுத்தத்தோட ஆட்டத்தை அடக்கணுமே?

அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த பென்னட் அதைத்தான் செய்தார். தூக்கிப்போட்ட நைட்ரஜனையே 5 முதல் 10 சதவீதம் திரும்பச் சேர்த்தார். ஒரு பக்கை இன்னொரு பக்கால சரிக்கட்டுறது! கோட் ரிவ்யூல வந்தா நானே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். ஆனா 1981-ல் மூன்று பேர் 686 மீட்டர் அழுத்தம் வரைக்கும் போனார்கள்.

முழுசா குணமாகல, நடுக்கம் குறைஞ்சது, அவ்வளவுதான். நைட்ரஜன் கலந்தா அந்த அழுத்தத்தில் காற்று கனத்துப்போய், மூச்சு விடுறதே வேலையாகிடும். அதனால பிரெஞ்சு நிறுவனமான கோமெக்ஸ், லேசான போதை தரும் இன்னொரு வாயுவை எடுத்தது: ஹைட்ரஜன். 1992-ல் மார்செய் அறையில் தியோ மாவ்ரோஸ்டோமோஸ் 701 மீட்டர் அழுத்தத்தைத் தொட்டார். கூட இருந்த இருவர் 675-லேயே நின்றுவிட்டார்கள். அங்கிருந்து சாதாரண அழுத்தத்துக்குத் திரும்ப மூணு வாரத்துக்கு மேல ஆச்சு.