சர்வருக்கு இரண்டு இன்டர்நெட் லைன். ஒன்று மட்டும் வேலை செய்யவில்லையா? காரணம் இதுதான்

ஆபீஸ் சர்வருக்கு இரண்டு நிறுவனங்களிடம் இன்டர்நெட் லைன் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால், முதல் லைனின் ஐபி முகவரியில் தளம் திறக்கிறது. இரண்டாவதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'லைன்ல பிரச்னை' என்று கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் இதைப் படியுங்கள்.

என்ன நடக்கிறது?

கோரிக்கை எந்த லைனில் வந்தது என்று லினக்ஸ் வழக்கமாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பதில் போய்ச் சேர வேண்டிய முகவரியைப் பார்த்து, டிஃபால்ட் கேட்வே வழியாக அனுப்பிவிடும். ஆக, இரண்டாவது லைனில் வந்த கேள்விக்கு முதல் லைனில் பதில் போகிறது. அதில் இருக்கும் அனுப்புநர் முகவரியோ இரண்டாவது நிறுவனம் கொடுத்தது. 'இது எங்க முகவரியே இல்லையே' என்று முதல் நிறுவனம் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். போலி முகவரித் தாக்குதல்களைத் தடுக்க இப்படி வடிகட்டும்படி 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 பரிந்துரைத்தது.

எப்படி உறுதி செய்வது?

ஆபீஸ் வைஃபையில் சோதிக்காதீர்கள். மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். அதே நேரம் சர்வரில் இரண்டு இன்டர்ஃபேஸிலும் டிசிபிடம்ப் ஓடட்டும்.

• கோரிக்கையே வரவில்லை: சிக்கல் சர்வருக்கு வெளியே.
• இரண்டாவதில் வந்து, முதலாவதில் பதில் போகிறது: மேலே சொன்ன கதைதான்.
• கோரிக்கை வருகிறது, பதிலே இல்லை: ஃபயர்வாலைப் பாருங்கள். அடுத்து ஆர்பி ஃபில்டர். அதன் மதிப்பு 1 என்றால், திரும்பிப் போகும் வழி பொருந்தாத பாக்கெட்டை கெர்னலே தள்ளிவிடும். 2 என்றால் கண்டிப்பு தளரும்.

தீர்வு என்ன?

பாலிசி ரவுட்டிங். ஒவ்வொரு லைனுக்கும் தனி ரவுட்டிங் டேபிள்; ஒவ்வொன்றிலும் அந்தந்த நிறுவனத்தின் கேட்வே. பிறகு 'ஐபி ரூல்' கட்டளையில், 'அனுப்புநர் முகவரி 198.51.100.20 என்றால் இரண்டாவது டேபிளைப் பார்' என்பதுபோல் லைனுக்கு ஒரு விதி. 'ஐபி ரவுட் கெட்' கட்டளையில் அனுப்புநர் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தால், பாக்கெட் எந்த வழியில் போகும் என்று காட்டும்.

எதை மறக்கக் கூடாது?

எஸ்எஸ்ஹெச் வழியாக மட்டும் நுழைந்து இதைச் செய்யாதீர்கள். ஒரு விதி தப்பினால் நீங்களே வெளியே நிற்பீர்கள். கன்சோல் வசதி கையில் இருக்கட்டும். கட்டளையாகக் கொடுத்தவை ரீபூட்டில் அழிந்துவிடும். நெட்பிளான் போன்ற அமைப்புக் கோப்பிலும் எழுதிவையுங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கில் பின்னால் வேறு மெஷின்கள் இருந்தால் இந்த விதி மட்டும் போதாது. இணைப்புகளுக்கு அடையாளக் குறியும் இட வேண்டும்.

இன்னொன்று: இது தானாக லைன் மாற்றித் தராது. ரவுட்டர் வரை கேபிள் சரியாக இருந்து, அதற்கு அப்பால் நெட் செத்திருந்தால் லினக்ஸுக்குத் தெரியாது. வெளியே ஒரு முகவரியைத் தொடர்ந்து பிங் செய்து, வழியை மாற்றும் ஏற்பாடு தனியாக வேண்டும்.

வேலை இல்லாத ஒரு நாளில் முதல் லைனை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். ரோடு தோண்டுபவர் வந்து சோதித்துத் தரும்வரை காத்திருக்க வேண்டாம்.